இரண்டு விரல் இடம்

எனக்கு முன்கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதப்போகிற கேடுகளில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது. மீதி, தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வந்தது.

நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இருபத்து மூன்று வருடமாகிறது. கொட்டாரத்துக்குப் பக்கத்தில் வயலும் குளமுமான ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். ஆனிச் சாரல் அடிக்கிற நாட்களில் புதுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வருவார்கள். அவர்களை வகுப்பு வகுப்பாக நூலகத்துக்கு அழைத்து வந்து ஒரு மணி நேரம் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பத்து வருடம் நானும் எல்லாரையும் போலத்தான் செய்தேன். எத்தனை புத்தகம் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பை எங்கே வைக்க வேண்டும், எந்த அலமாரியில் எந்தப் பாடம் என்று நின்றபடியே வாசித்துத் தள்ளுவேன். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வெளியே போனதும் ஒன்றும் நினைவிருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு நானே ஆண்டுதோறும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு கைப்பேசி எல்லார் கையிலும் வந்தது. ஒருநாள் முதலாமாண்டுப் பையன் ஒருவன், பரீட்சைத் தாளில் வாட்ஸப்பில் வந்த ஒரு கட்டுக்கதையை வரலாறு என்று அப்படியே எழுதிவைத்திருந்தான். வரலாற்றுப் பேராசிரியர் அதை ஆசிரியர் அறையில் உரக்க வாசித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பையன் மேல் இல்லை. பத்து வருடமாக அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்த என் மேல்.

அதற்கடுத்த வருடம் அறிமுக வகுப்பைத் தலைகீழாக மாற்றினேன். நான் பேசுவது ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் அவர்கள் வேலை. வருவதற்கு முந்தைய நாளே ஒரு கட்டளை போய்விடும்: வீட்டில் எல்லாரும் நம்புகிற ஒரு செய்தியைக் கொண்டு வர வேண்டும். ஃபார்வர்டு, படம், துண்டுச் சீட்டு எதுவானாலும் சரி. ஆனால் சும்மா படித்துவிட்டுப் போகிற செய்தி வேண்டாம், அதை நம்பி வீட்டில் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். வகுப்பில் ஐந்து ஐந்து பேராக ஒரு மேசை. மேசைக்கு ஒரு செய்தியைத் தேர்ந்தெடுத்து அது எங்கே பிறந்தது என்று தேடிப்போக வேண்டும். கரும்பலகையில் ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஏணி வரைந்திருப்பேன். செய்தி கையில் கிடைத்த இடம் கீழ்ப்படி. அதற்கு முன் எங்கே வந்தது, அதற்கும் முன் எங்கே வந்தது என்று கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்கப் படி ஏறலாம். முதன்முதலில் அதைச் சொன்ன இடத்தைத் தொடுகிற மேசைக்கு ஒரு பாக்கெட் நேந்திரங்காய்ச் சிப்ஸ்.

பலகையின் மேலே நான்கு கேள்விகள் எழுதியிருப்பேன். சொன்னது யார்? முதலில் எங்கே சொன்னார்? எதை விட்டுவிட்டார்? இதனால் யாருக்கு ஆதாயம்?

மூன்றாவது கேள்வியை எழுதும்போது எனக்கே ஒரு பெருமை இருக்கும். எல்லாரும் யார் சொன்னார் என்றுதான் கேட்கிறார்கள், என்ன சொல்லாமல் விட்டார் என்று யார் கேட்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் வீறாப்பாகச் சொல்வேன்.

வகுப்பு நன்றாகவே போயிற்று. பிள்ளைகள் சந்தைபோல இரைச்சல் போட்டார்கள். நூலகத்தில் சத்தமா என்று முதல்வர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடலில் எங்கோ எடுத்த அலைப் படத்தை மண்டைக்காட்டுக் கடல் என்று யாரோ அனுப்பியதை ஒரு மேசை பத்து நிமிடத்தில் பிடித்தது. இல்லாத அரசு உத்தரவை ஒரு மேசை பிடித்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. பக்கத்துக் கல்லூரி நூலகர்களைக் கூப்பிட்டு வைத்துக் காட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு, கணிதம் முதலாமாண்டு வகுப்பு வந்தது. ஜன்னலோர மேசையில் ஒரு பெண். புதுக்கடைப் பக்கத்திலிருந்து வருகிறவள், நீலத் துப்பட்டா. அவள் கொண்டுவந்த செய்தியைத்தான் அந்த மேசை எடுத்துக்கொண்டது. கைப்பேசியில் ஒரு பக்கத்தின் படம். 'புற்றுநோய்க்கு நம் முற்றத்திலேயே மருந்து' என்று தலைப்பு. முள்சீத்தாவின் இலையை வேகவைத்துக் குடித்தால் கட்டிகள் கரையும், ஆஸ்பத்திரி மருந்தைவிடப் பல மடங்கு வீரியம், பக்கவிளைவு இல்லை. எங்கள் மாவட்டத்தின் மேற்கே அந்த மரத்தை முள்ளாத்தா என்பார்கள். அந்தச் செய்தி வந்த காலத்தில் முள்ளாத்தா இல்லாத வீடு இல்லை என்றாகியிருந்தது.

அந்த மேசைப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். படத்தின் அடியில் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது ஒரு கிறிஸ்தவ சபையின் மாதப் பத்திரிகை என்று கண்டுபிடித்தார்கள். ஒரு படி. அந்த இதழ் இணையத்தில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் கட்டுரையின் முடிவில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருந்தது. ஒரு கல்லூரியின் ஆண்டு மலருக்கு நன்றி. இரண்டாம் படி.

"மேடம், இது நம்ம காலேஜ் மலரு" என்று ஒரு பையன் கத்தினான்.

வகுப்பே எழுந்து நின்றது. ஆண்டு மலர்களை பைண்டு செய்து வைத்திருக்கும் அலமாரி என் மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது. இரண்டு பேர் ஓடிப்போய் அந்த வருடத்து மலரைத் தேடி எடுத்தார்கள். ஆறு வருடம் பழையது. பக்கத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாம் படி, ஏணியின் உச்சி. விலங்கியல் மாணவி ஒருத்தி எழுதிய கட்டுரை. கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரு துணிக்கடை விளம்பரம். சிரித்துக்கொண்டு நிற்கும் மணப்பெண் படம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. மலருக்குத் துணைப் பதிப்பாசிரியர் நான். கட்டுரைகளைத் திருத்துவதும் பக்கத்துக்குள் அடக்குவதும் என் வேலை. அந்தக் கட்டுரை பக்கத்தை மீறிக்கொண்டு நின்றது. விளம்பரத்தைச் சுருக்க முடியாது, பணம் வாங்கியாகிவிட்டது. அச்சகத்துப் பையன் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தான். நீளும் கட்டுரையை அடியிலிருந்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். முடிவுரையில் யார் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்ற துணிச்சல். சிவப்புப் பென்சிலை எடுத்துக் கடைசிப் பத்தியில் ஒரு கோடு போட்டேன்.

மலர் வந்த அன்று எழுதிய பெண் என்னிடம் வந்தாள். கடைசிப் பத்தி இல்லையே மேடம் என்று கேட்டாள். அதுதான் முக்கியம் என்றாள். எனக்கு அன்று எதற்கோ எரிச்சல். எல்லாருக்கும் தெரிந்ததைத்தானே எழுதியிருந்தாய், பேர் வந்திருக்கிறதல்லவா, போ என்று விரட்டிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்பது வரிக்கு வரி நினைவில்லை. ஆனால் எதைப் பற்றி என்பது நன்றாக நினைவிருந்தது. அதை அங்கேயே, நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். மூன்றாவது கேள்வி என் தலைக்கு மேலே பலகையில் இருந்தது. எதை விட்டுவிட்டார்?

நான் மணியைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது என்றேன். ஜன்னலோர மேசைக்குச் சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்து வகுப்பைக் கலைத்தேன்.

எல்லாரும் போன பிறகு நீலத் துப்பட்டாப் பெண் மட்டும் நின்றாள். அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

"மேடம், காலேஜ் புக்கிலயே வந்திருக்குன்னா அது செரிதானே? எனக்க அம்மைக்குத் தீனம். ஆறு மாசமா இந்த எலைத் தண்ணிதான் குடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவல்ல. எனக்கு ஒரு சம்சயம் இருந்துது. அதுனாலதான் இதக் கொண்டு வந்தேன்."

விசாரித்தேன். அம்மாவின் நோய், மார்பில் கட்டி. திருவனந்தபுரத்தில் அறுத்து எடுத்திருந்தார்கள். மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லி இரண்டு முறை ஏற்றினார்கள். வாந்தி, முடி கொட்டல், படுத்த படுக்கை. மூன்றாம் முறைக்கு நாள் குறித்திருந்தபோது அவர்கள் சபைப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. அது தெரிந்தும், மற்றவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று வகுப்பில் அவள் சொல்லவில்லையாம். அப்பா வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். போனில் அவரும் அம்மா இஷ்டம்போலச் செய்யட்டும் என்றுவிட்டார். அன்றிலிருந்து முள்ளாத்தா. சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள்; அந்த ஏலத்துக்கு யாரோ ஒரு கூடை முள்ளாத்தாப் பழம் வைத்தார்களாம். ஏலம் எடுத்தவர் நேரே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனாராம். சபையே சேர்ந்து அந்த அம்மாவைப் பிழைக்கவைக்கப் பாடுபட்டது. ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

மேற்குப் பக்கத்துச் சபைக் குடும்பங்களை நான் அறிவேன். நான்கு தலைமுறைக்கு முன்பே எழுத்துக் கூட்டி வாசித்த வீடுகள். ஊரில் மற்றவர்கள் கைநாட்டு வைத்த காலத்தில் வேதப்புத்தகமும் பாட்டுப்புத்தகமும் வைத்து வாசித்தவர்கள். வாட்ஸப்பை அவர்கள் அப்படியொன்றும் நம்புவதில்லை. ஆனால் அச்சில் வந்தால் நம்புவார்கள். அதிலும் சபைப் பத்திரிகையில் வந்துவிட்டால் வேறு பேச்சில்லை. அந்தப் பெண்ணுக்கு வந்த ஐயம்கூட, பத்திரிகைக்கு அது எங்கிருந்து வந்தது என்பதில்தான். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் என் வகுப்புக்கு வந்தாள். நானோ படி படியாக ஏற்றி, பைண்டு செய்த புத்தகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

அவளிடம் என்ன சொன்னேன்? நான் பார்த்துச் சொல்கிறேன் மக்கா, அதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். நான் சொன்னதில் முன்பாதிதான் அவள் காதில் விழுந்திருக்கும். காலேஜ் புக்கில் இருக்கிறது என்று அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா சந்தோஷத்தில் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாராம்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை.

இதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள் உண்டு. கையெழுத்துப் படி கிடைக்காமல் எப்படி உறுதியாகச் சொல்வது? நினைவை நம்பலாமா? ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்தானே? எல்லாம் நொண்டிச் சாக்கு. பயம்தான் உண்மை. பதிப்புக் குழுப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. செய்தி வெளியே போனால் முதல்வர் என்ன சொல்வார், சபைக்காரர்கள் என்ன சொல்வார்கள், அந்தப் பெண்ணின் அப்பா வந்து நின்றால் என்ன சொல்வது? பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதுதான். அந்தப் பெண் நூலகத்துக்கு வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

பத்தாம் நாள் அவளே உள்ளறை வாசலில் வந்து நின்றாள். பார்த்துட்டியளா மேடம் என்று மட்டும் கேட்டாள். அம்மைக்கு இப்போது முதுகு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது, மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள் என்றாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு சாமான் அறைக்குப் போனேன். பழைய மலர்களின் கோப்புகள் அங்கே அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது நாள் நான் தேடாத தாள் மூன்றாவது பெட்டியில் மேலாகவே இருந்தது.

நீல மையில் உருண்டையான கையெழுத்து. கடைசிப் பத்தியின் குறுக்கே என் சிவப்புக் கோடு. அதில் இருந்தது இவ்வளவுதான்: 'மேற்கண்டவை கண்ணாடிக் குழாயில் வைத்த உயிரணுக்களில் மட்டும் கண்டவை. மனிதர்களுக்கு இது மருந்தாகும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. இதை நம்பி மருத்துவரின் சிகிச்சையை நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.'

மூன்று வரி. அந்த மாணவியிடம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நான் சொன்னது இந்த மூன்று வரியைத்தான்.

அந்தத் தாளை அவளிடம் நீட்டினேன். அவள் வாசித்தாள். சிவப்புக் கோட்டைக் காட்டி இது யார் போட்டது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நீங்களே வந்து அம்மைட்ட சொல்லுங்க என்றாள்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன். தக்கலை, கருங்கல் என்று ஒவ்வொரு ஊராக நின்று நின்று போயிற்று. நல்ல மழை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். புதுக்கடையில் இறங்கி ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய பாதையில் கால் மணி நேரம் நடந்தோம்.

வீட்டு முற்றத்தில் அந்த மரம் நின்றது. உச்சியில் மட்டும் கொஞ்சம் இலை. கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் இலைகூட இல்லை. வாசல் திண்டில் ஒரு சாக்கு நிறைய உலர்ந்த இலை இருந்தது, மற்ற வீடுகளிலிருந்து வந்தது. உள்ளே நுழைந்ததும் வேகவைத்த இலையின் கசப்பு வாடை.

அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பாலர் பள்ளி ஆசிரியை. கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். காலேஜ் மேடம் வந்திருக்காங்க என்று கேட்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மகள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். வெறும் வாயோடு விடக் கூடாது என்று எனக்குப் பால் இல்லாத கட்டன்சாயா போடச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே தாளை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறவர்கள் வாசிக்கிற மாதிரி, விரலை வரியின் அடியில் நகர்த்தி இரண்டு தடவை வாசித்தார். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து சபைப் பத்திரிகையை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்துபோன இதழ். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத ஏன் வெட்டுனிய டீச்சர்?"

"எடம் பத்தல" என்றேன்.

அதைச் சொன்னபோது என் காதுக்கே அது எவ்வளவு கேவலமாக இருந்தது என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவர் கையெழுத்துத் தாளில் அந்தப் பத்தியின் மேல் இரண்டு விரலைக் கிடையாக வைத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும். பத்தி முழுதாக மறைந்துவிட்டது.

"ரெண்டு வெரலு எடம்" என்றார். "இது அச்சுல இருந்திருந்தா நான் போயிருப்பேன் டீச்சர். நான் வாசிக்காத ஆளு இல்ல."

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மகளிடம் ஆஸ்பத்திரிக் கோப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மறுநாள் காலை திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். வர வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை மாதம் எங்கே போயிருந்தீர்கள் என்று கோபப்பட்டார். நோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் தனியாகக் கேட்டேன். அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் செய்து பார்க்க ஒரு வழியாவது இருந்திருக்கும் என்றார். அந்த ஒன்பது நாளைப் பற்றியும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இன்றும் இல்லை.

அவர் கார்த்திகை மாதம் மழை நாளில் இறந்தார். அப்பா வளைகுடாவிலிருந்து வந்து சேர்வதற்காக ஒருநாள் வைத்திருந்தார்கள். அடக்கத்துக்கு நான் போனேன். சபைக்காரர்கள் குடை பிடித்தபடி கூட்டமாக நின்றார்கள். அவர்களில் அந்தக் கட்டுரையை மறுபதிப்புச் செய்தவரும் இருந்தார், பழம் ஏலம் எடுத்துக் கொடுத்தவரும் இருந்தார். வயதானவர் ஒருவர் என்னிடம், எல்லா மருந்தும் செய்து பார்த்தாச்சு, கர்த்தருக்குச் சித்தமில்ல என்று ஆறுதல் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல்வரிடம் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, யானைக்கும் அடி சறுக்கும், இதை ஏன் பெரிதுபடுத்துகிறீர்கள் என்று தாளைத் திருப்பித் தந்தார். அந்த வருட மலரில் திருத்தம் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். போட்டார்கள். கடைசிப் பக்கத்தில், விளையாட்டுப் போட்டி முடிவுகளுக்குக் கீழே. சபைப் பத்திரிகையும் வெளியிட்டது, அறிவிப்புகளுக்கு நடுவில். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். படம் மட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமல் கைப்பேசி கைப்பேசியாகப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பெண் ஒரு மாதம் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பினாள். ஒருநாள் மதியம் நூலகத்துக்கு வந்து, அந்தக் கட்டுரை வந்த பழைய மலர் மொத்தம் எத்தனை படி இங்கே இருக்கிறது என்று கேட்டாள். பதினான்கு. எல்லாவற்றையும் எடுத்துத் தரச் சொன்னாள். அவளே அச்சடித்துக் கொண்டுவந்த துண்டுச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்தாள். இரண்டு விரல் அகலம். அந்த மூன்று வரி மட்டும். பசையை எடுத்துப் பதினான்கு படியிலும், துணிக்கடை மணப்பெண்ணின் முகத்துக்கு மேல் ஒட்டினாள். நான் உதவிக்குக் கை நீட்டியபோது, வேண்டாம் மேடம், நான் செய்யுதேன் என்றாள். ஒட்டி முடித்துவிட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

என்னை அவள் மன்னித்தாள் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. புத்தகம் எடுக்க வருவாள், கையெழுத்துப் போடுவாள், போவாள்.

அறிமுக வகுப்பை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அடுத்த வருடம் விட்டும்விட்டேன். பழையபடி விதிகளை வாசித்தேன். இந்த வருடம் ஆனியில் அவளே வந்து கேட்டாள், இப்போது மூன்றாமாண்டு. ஏணி வகுப்பு ஏன் இல்லை என்றாள். எனக்கு அதை நடத்த யோக்கியதை இல்லை என்றேன். நடத்துங்க, நானும் வந்து இருக்கேன் என்றாள்.

நடத்தினேன். என் கதையைத்தான் முதலில் சொன்னேன். சிவப்புக் கோடு போட்ட தாளைக் காட்டினேன். அவள் கடைசி மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேசைகளில் வேலை தொடங்கியது. நான் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் மேசையில் குளச்சல் பக்கத்துப் பையன் ஒருவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்திருந்தான். நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித் திருப்பினான்.

அதே படம். அதே தலைப்பு. ஓரம் இன்னும் கொஞ்சம் வெட்டுப்பட்டு, சபைப் பத்திரிகையின் எழுத்துகூட இப்போது இல்லை.

சொன்னது யார், முதலில் எங்கே என்று என் வாய் பழக்கத்தில் பலகையைப் பார்த்துச் சொல்லத் தொடங்கியது. அதற்குள் அவள் நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டாள். பலகையை அவள் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. பையனின் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"மக்கா, வீட்டுல ஆருக்குத் தீனம்?"

அந்தக் கேள்வியை நான் பலகையில் எழுதியதே இல்லை. இத்தனை வருடம் வீட்டில் நம்புகிற செய்தியைக் கொண்டு வாருங்கள் என்று பிள்ளைகளை விரட்டியிருக்கிறேன். அதை ஏன் நம்புகிறார்கள் என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை.

பையன் அவளைப் பார்த்தான். அப்பாவுக்கு என்றான். எத்தனை நாளாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேட்டாள். இருபது நாள் என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் மேசை டிராயரைத் திறந்து விடுப்புத் தாளை எடுத்தேன்.